மேடையில் முழங்குகிறோம், மேசையில் தடுமாறுகிறோம்

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. அன்று மாலை வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் 25 வயது ஆசிரியர் ஒருவர் பேச எழுந்தார். நல்லூர்க் கந்தரின் மகன் ஆறுமுகம். கோவிலில் புராணம் படித்துப் பயன் சொல்வது யாழ்ப்பாணத்துக்குப் பழகிய விடயம். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, வந்திருக்கும் சனத்தைப் பார்த்து, அவர்களுக்கு விளங்கும் வசனத்தில் நேரே சொல்வது புதிது. அந்த முறையை அவர் கண்டது வெஸ்லியன் மிஷன் பாடசாலையில். பேர்சிவல் பாதிரியாரோடு அங்கே வேலை செய்தபோது மெதடிஸ்த போதகர்கள் எப்படிப் பிரசங்கம் பண்ணுகிறார்கள் என்று கிட்ட நின்று பார்த்திருந்தார். கொள்கையில் அவர்களோடு மோதப் போகிறவர், அவர்களுடைய பேச்சு முறையைக் கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை.

நண்பர் கார்த்திகேய ஐயர் துணைக்கு வந்தார். வெள்ளிதோறும் பிரசங்கம் நடந்தது. கொல்லாமை, குடியின் கேடு, தானம், சிவலிங்க வழிபாடு என்று, கேட்பவரின் வீட்டுக்குள் போகும் பொருள்களையே எடுத்துக்கொண்டார்கள். திருவாவடுதுறை ஆதீனம் ஆறுமுகத்துக்கு நாவலர் என்று பட்டம் சூட்டியது 1849இல். பேச்சு முதலில் நடந்தது, பட்டம் பிறகு வந்தது.

இந்த வரலாற்றை எங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள், பேச்சுப்போட்டியில் ஒப்புவிக்கிறார்கள். அதற்குள் இருக்கும் பயிற்சி முறையை மட்டும் எடுப்பதில்லை: மாறாத ஒரு நாள், தெரிந்த ஓர் இடம், கூட ஒரு துணை, கேட்பவருக்கு வேண்டிய பொருள். காசு கட்டிப் போகும் எந்தப் பேச்சு வகுப்பும் இந்த நான்கின் மேல்தான் நிற்கிறது. பேச்சு சிலருக்குப் பிறவியிலேயே வரும், எனக்கு வராது என்று நினைப்பவர்கள் அந்த நினைப்பை இந்த இடத்திலேயே விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

போட்டி தந்ததும் தராததும்

யாழ்ப்பாணத்தில் மேடைக்குப் பஞ்சமில்லை. கோவில் திருவிழா, பாடசாலைப் பரிசளிப்பு, நூல் வெளியீடு, சனசமூக நிலைய ஆண்டுவிழா, அந்தியேட்டியில் நினைவுமலர் வெளியீடு என்று வருடம் முழுக்க ஒலிவாங்கி ஓய்வதில்லை. தமிழ்த் தினப் போட்டி பாடசாலையில் தொடங்கித் தேசிய மட்டம் வரை போகிறது. 1980இல் இங்கே தொடங்கிய கம்பன் கழகம் பட்டிமண்டபத்தையும் வழக்காடு மன்றத்தையும் ஊர்த் திருவிழாவைப் போல் சனம் கூடிக் கேட்கும் நிகழ்ச்சிகளாக்கியது. இந்தச் சூழலில் வளர்ந்து, பேச்சில் கிண்ணமும் வாங்கிய பிள்ளை, நேர்முகத்தேர்வில் மூன்று பேருக்கு முன்னால் இருந்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்ற ஒரு கேள்விக்கு வியர்த்து நனைகிறது. வேலை கிடைத்த பிறகும் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. வெளியே வந்து நண்பருக்குச் சொல்கிற யோசனையை உள்ளே சொல்லியிருந்தால் பதவி உயர்வே கிடைத்திருக்கும்.

காரணம் தெளிவானது. போட்டிப் பேச்சை ஆசிரியர் எழுதிக் கொடுக்கிறார், பிள்ளை மனனம் செய்கிறது. எந்த வரியில் குரலை உயர்த்துவது, எந்தச் சொல்லில் கையை நீட்டுவது என்பது வரை சொல்லிக்கொடுக்கப்படுகிறது. இந்தப் பயிற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது திருத்தமான உச்சரிப்பையும், நூறு முகங்களைப் பார்த்து நிற்கும் துணிவையும் தருகிறது. சொந்தச் சொல்லில் யோசிக்கவும், எதிரில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்று கவனிக்கவும் அது பழக்குவதில்லை. பேசி முடித்த பிள்ளையிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை, கைதட்டல் முடிந்ததும் இறக்கிவிடுகிறோம். ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: வகுப்பில் ஒரு பிள்ளை பேசி முடித்ததும் மற்றப் பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்கட்டும். ஒரு தவணை இப்படிச் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

இன்னொரு பழக்கமும் எங்களைப் பின்னுக்கு இழுக்கிறது: கேட்பவருக்கு விளங்காத நடையில் பேசுவதைப் பெருமையாக எண்ணுவது. நாவலரைப் பற்றிய செவிவழிக் கதை ஒன்று உண்டு. நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் சாட்சி சொல்லத் தொடங்கியவரைத் தமிழில் சொல்லும்படி பணித்தார்களாம். அவர் மொழிபெயர்ப்பாளருக்கே புரியாத செந்தமிழில் சொல்லி எல்லோரையும் திக்குமுக்காட வைத்தாராம். பெருமையோடு சொல்லப்படும் கதை, எனக்கும் பிடித்த கதை. ஆனால் அதே நாவலர் சிறுவர்களுக்குப் பாலபாடங்களை எளிய வசன நடையில் எழுதியவர். அலுவலகத்துக்குப் போகிற பிள்ளை பின்பற்ற வேண்டியது பாலபாடம் எழுதிய நாவலரை.

நன்றியுரையில் தொடங்குங்கள்

எங்கள் நிகழ்ச்சிகளில் வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பிரதம விருந்தினர் உரை எல்லாம் பெரியவர்களுக்குப் போய்விடும். கடைசியில் இருக்கும் நன்றியுரையை வயதில் இளையவரிடம் தள்ளிவிடுவார்கள். தட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள், அது நல்ல பயிற்சிக்களம். வழமையாக "தலைமை தாங்கிச் சிறப்பித்த அவர்களுக்கும், வருகை தந்து சிறப்பித்த இவர்களுக்கும்" என்று பட்டியல் ஓடும், சபை எழும்பிச் செருப்புத் தேடும். அந்தப் பட்டியலை ஒரே வசனத்தில் முடியுங்கள். பிறகு மூன்று பேரைத் தெரிந்து, அவர்கள் செய்த காரியத்தைச் சொல்லுங்கள். "காலமை ஆறு மணிக்கே வந்து கதிரை அடுக்கின எங்கடை விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கு", "கரண்ட் நின்ற உடனை ஜெனரேற்றரைக் கொண்டுவந்து பூட்டின சவுண்ட் சேர்விஸ் அண்ணைக்கு" என்று ஒருவர் சொல்லட்டும், எழும்பினவரும் திரும்பி இருப்பார். இதைச் சொல்ல வேண்டுமென்றால் நிகழ்ச்சி முழுவதும் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருந்திருக்க வேண்டும். நன்றியுரை தரும் பெரிய பயிற்சி அந்தக் கவனிப்புத்தான்.

இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். வீட்டில் கைபேசியில் பதிவுசெய்து நேரம் பாருங்கள். முதல் இரண்டு வசனங்களையும் கடைசி வசனத்தையும் மட்டும் மனனம் செய்யுங்கள், நடுவில் உள்ளதற்கு ஒரு சிறு அட்டையில் நாலைந்து சொற்கள் போதும். முழுவதையும் மனனம் செய்தவர் ஒரு சொல் மறந்தால் முழுவதையும் மறக்கிறார். நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னதாகப் போய், ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் எப்படிக் கேட்கிறது என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

நடுக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நாக்கு வறள்வதும் கை நடுங்குவதும் அட்ரினலின் செய்யும் வேலை, உடல் ஆயத்தமாகிறது என்பதற்கு அடையாளம். கென்னத் சவிட்ஸ்கி, தோமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு, பேசுபவர் தன் நடுக்கம் சபைக்கு எவ்வளவு தெரிகிறது என்று நினைக்கிறாரோ அவ்வளவு தெரிவதில்லை என்று காட்டியது. இந்த உண்மையை முன்கூட்டியே அறிந்திருந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் அலிசன் வூட் புரூக்ஸ் 2014இல் இன்னொன்றைக் கண்டார்: பேசுவதற்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று தனக்குத்தானே சொன்னவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொன்னவர்கள் திறமாகப் பேசினார்கள். அடிக்கிற நெஞ்சை அடக்கப் பார்க்காமல் அந்த வேகத்தோடேயே எழும்புங்கள்.

மூன்று பேருக்கு முன்னால்

நேர்முகத்தேர்வுதான் எங்கள் பிள்ளைகள் அதிகம் இழக்கும் இடம், ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றதும் பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார், எத்தனை சகோதரர்கள், எந்தப் பாடசாலை, எத்தனை ஏ, எத்தனை பி என்று தொடங்குகிறார்கள். இவ்வளவும் மேசையில் இருக்கும் விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறது. கேட்பவர் அறிய விரும்புவது வேறு: இவர் எங்களுக்கு என்ன செய்து தருவார்?

மயிலிட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் வங்கி வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படிச் சொல்லலாம்: "எங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று வருடம் கணக்கு எழுதினேன். கொப்பியில் இருந்த கடன் கணக்கை எக்செல்லுக்கு மாற்றினேன். மாத முடிவில் மூன்று நாள் எடுத்த வேலை இப்போது அரை நாளில் முடிகிறது. கடன் கட்டப் பிந்துகிறவர்களோடு கோபப்படாமல் கதைக்கவும் அங்கேதான் பழகினேன். கணக்கும் ஆட்களும் சேர்ந்த வேலை என்பதால் இங்கே விண்ணப்பித்தேன்." ஐந்து வசனம். பெருமையடிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை, செய்த காரியம் மட்டும் இருக்கிறது. "நான் கடின உழைப்பாளி, தலைமைத்துவப் பண்பு உள்ளவள்" என்று சொல்லும் பத்துப் பேருக்கு நடுவில் இவரைத் தேர்வாளர் மறக்க மாட்டார்.

சம்பளத்துக்கு வேலை செய்யவில்லையே, நான் எதைச் சொல்வது என்று கேட்கிறீர்களா? ஊரில் நீங்கள் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். கோவில் திருவிழாவில் அன்னதானக் கணக்குப் பார்த்தது, தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது, பல்கலைக்கழகத்தில் ஒரு கண்காட்சிக்கு அனுசரணை தேடிக் கடை கடையாக ஏறியது. எவ்வளவு காசு, எத்தனை பேர், என்ன பிரச்சினை, எப்படித் தீர்த்தீர்கள் என்று நான்கு வரியில் எழுதுங்கள். எழுதியதை உரத்துச் சொல்லுங்கள். எழுத்தில் நன்றாக இருக்கும் வசனம் வாயில் வராது என்பது அப்போதுதான் தெரியும், வாய்க்கு ஏற்றபடி மாற்றுங்கள்.

தெரியாத கேள்வி வந்தால் "அது எனக்குத் தெரியாது. ஆனால் இப்படித் தேடி அறிவேன்" என்று சொல்லலாம். மௌனமாகக் குனிந்திருப்பதை மரியாதை என்று எங்கள் வீடுகளில் பழக்கியிருக்கிறோம். கொழும்பிலிருந்து வந்த தேர்வாளர் அதை அறியாமை என்று எடுத்துக்கொள்வார். கடைசியில் "ஏதாவது கேட்க இருக்கா?" என்றால் இல்லை என்று எழும்பிவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் என்னிடம் எதை எதிர்பார்ப்பீர்கள் என்று கேட்டால் உங்கள் அக்கறை தெரியும், உங்களுக்கும் பயன்.

தினசரிக் கதை

வேலையில் சேர்ந்த பிறகு மேடை எப்போதாவதுதான் வரும். நாள் முழுக்க நடப்பது சின்னச் சின்னக் கதை. மேலதிகாரியிடம் பிந்திய வேலையைச் சொல்லப் போகிறவர் "சேர், ஒரு சின்ன விசயம், நான் திங்கட்கிழமை என்ன செய்தனான் எண்டால்..." என்று தொடங்கிக் கதையை வளர்க்கிறார். சேருக்குப் பொறுமை போன பிறகுதான் செய்தி வருகிறது. முடிவை முதலில் வையுங்கள்: "சேர், புதன்கிழமை தர வேண்டிய அறிக்கை வெள்ளிக்கிழமைதான் முடியும். இரண்டு பிரதேச செயலகத்தின்ரை தரவு இன்னும் வரேல்லை. வந்த மட்டிலை புதன் காலமை தரட்டோ?" முடிவு, காரணம், வழி. திட்டு விழுந்தாலும் அரைவாசிதான் விழும்.

பொதுமக்களுக்கு முன்னால் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு இருக்கிறது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடித்து, ஒரு அம்மா கச்சேரிக்கு வருகிறார். படிவத்தில் ஒரு கையெழுத்து இல்லை. "இது சரிவராது, பிறகு வாங்கோ" என்றால் அவருக்கு ஒரு நாளும் பஸ் காசும் போய்விட்டது, எது சரிவராது என்பதும் தெரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, எல்லாம் சரியா இருக்கு. விதானையாற்றை கையெழுத்து மட்டும் இல்லை. இந்த இடத்திலை, நான் பென்சிலாலை கோடு போட்டிருக்கிறன். அதை வாங்கிக்கொண்டு வாங்கோ, வரிசையிலை நிக்கத் தேவையில்லை, நேரை என்னட்டை வாங்கோ." இதற்குச் செலவாகும் நேரம் கால் நிமிடம்கூட இல்லை. தொடர்பாடல் திறன் என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்வது இதைத்தான், இதைவிட உயர்ந்த வடிவம் ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

தொலைபேசியில் முதலில் உங்கள் பெயர், இடம், விடயம். வட்ஸ்அப் குரல்பதிவில் திகதியையும் இலக்கத்தையும் இருமுறை சொல்லுங்கள். இளையவரைத் திருத்துவதென்றால் தனியே கூப்பிட்டுத் திருத்துங்கள், தம்பி, தங்கச்சி என்ற விளிப்பு அங்கே நிறைய வேலை செய்யும்.

கூட்டத்தில் மறுத்துப் பேச வேண்டி வந்தால் நல்ல பட்டிமண்டபப் பேச்சாளரைப் பின்பற்றலாம். அவர் எதிரணி சொன்னதை முதலில் ஒழுங்காக எடுத்துச் சொல்வார், பிறகுதான் வெட்டுவார். முதற்பாதியை அப்படியே எடுங்கள்: "விநியோகத்தைக் குறைத்தால் செலவு மிஞ்சும் என்று அக்கா சொல்கிறா, அது சரி. அதனால் பருத்தித்துறைப் பக்கத்து வாடிக்கையாளர்களை இழப்போமோ என்றுதான் யோசிக்கிறேன்." நக்கலை மேடையிலேயே விட்டுவிடுங்கள்.

மொழி விடயத்தில் ஒரு வார்த்தை. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தேர்வுக்கு இலக்கணம் படிப்பவர்கள் பலர், கவுண்டரில் ஒரு வசனம் சொல்லத் தயங்குபவர்களும் பலர். உங்கள் வேலையில் நாளாந்தம் கேட்கப்படும் முப்பது கேள்விகளை எழுதி, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அவற்றுக்குப் பதில் சொல்லப் பழகுங்கள். உங்கள் ஆங்கிலத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்காதீர்கள். விளங்காவிட்டால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

குரல்

இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா ஆகியோரின் உச்சரிப்பைக் கடல் கடந்து தமிழ்நாடும் ரசித்தது. வேகமாகச் சொன்னாலும் ஒவ்வோர் எழுத்தும் தனித்துக் கேட்டதுதான் அதற்குக் காரணம். நாளிதழின் முதற்பக்கத்தைத் தினமும் ஐந்து நிமிடம் உரத்து வாசியுங்கள். ல, ள, ழவும் ர, றவும் எங்கே வழுக்குகின்றன என்று பதிவில் கேளுங்கள். வசன முடிவில் குரல் கீழே இறங்கிக் கரைந்துவிடுவது எங்களிடம் பரவலாக உள்ள குறை, கடைசிச் சொல்லையும் முதற்சொல்லின் பலத்தோடு சொல்லிப் பழக வேண்டும்.

குரல் பெரிதாக இருந்தாக வேண்டும் என்றில்லை. தமிழ் அரசியல் தலைவர் செல்வநாயகம் அவர்கள், 1949இல் தாம் தொடங்கிய கட்சியைப் பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயோடும் மெலிந்த குரலோடும்தான் நடத்தினார். தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோவிலோடு பெயர் சேர்ந்துவிட்ட சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008), சமய மேடைகள் பெரும்பாலும் ஆண்களுடையவையாக இருந்த காலத்தில் எழுந்து பேசிய ஆசிரியை. பேச்சால் சம்பாதித்த நம்பிக்கையை அவர் கோவில் திருப்பணியாகவும் பெண்பிள்ளைகளுக்கான மகளிர் இல்லமாகவும் மாற்றினார். மேடை தங்களுக்கு இல்லை என்று ஒதுங்கும் பெண்கள் அவர் கதையைத் தேடிப் படிக்க வேண்டும்.

உங்கள் ஊரில் ஒரு வெள்ளி

கலிபோர்னியாவின் சான்டா அனா நகரில் 1924 ஒக்டோபர் 22இல் ரால்ப் ஸ்மெட்லி ஒரு வை.எம்.சி.ஏ. மண்டபத்தில் சிலரைக் கூட்டித் தொடங்கியதுதான் ரோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சிக் கழகம். அதன் விதிகள் எளியவை, உறுப்பினராகாமலே எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையங்கள் பல மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. திறப்பு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் ஒரு மணித்தியாலம் கேளுங்கள். எட்டுப் பேர் போதும், அதில் இரண்டு பேராவது நாற்பது வயதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும். அலுவலகத்தில் உங்களுக்கு எதிரே இருக்கப் போவது அந்த வயதினர்தான்.

முதலில் இருவர், ஆயத்தம் செய்த பேச்சை ஆளுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம் பேச வேண்டும். ஒருவர் தான் வேலையிடத்தில் விளக்க வேண்டிய விடயத்தையே பேசட்டும்: சொட்டுநீர்ப் பாசனம், காப்புறுதி, புதிய மென்பொருள், எதுவும். சபை இரண்டு கேள்வி கேட்கும். பிறகு மற்றவர்கள் சீட்டெடுத்து, வந்த தலைப்பில் யோசிக்க நேரமில்லாமல் ஒன்று முதல் இரண்டு நிமிடம் கதைக்க வேண்டும். ஒருவர் மணிக்கூடு பார்ப்பார். ஒருவர் "வந்து", "அப்ப", "என்னெண்டால்" எத்தனை தரம் வந்தது என்று எண்ணிக் கடைசியில் பெயரோடு வாசிப்பார். மதிப்பீடு சொல்பவர் நன்றாக இருந்த ஒன்றையும் அடுத்த முறை மாற்ற வேண்டிய ஒன்றையும் மட்டும் சொல்ல வேண்டும், மூன்றாவதைச் சொல்ல அனுமதி இல்லை. வயதில் மூத்தவரின் பேச்சை இளையவரும் மதிப்பிட வேண்டும், இந்த விதியை முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். கலைவதற்கு முன் அடுத்த வெள்ளிக்கு யார் யார் பேசுகிறார்கள் என்று பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.